பிள்ளை வளர்ப்பில் சோர்ந்துபோன தாய்க்குப் பலம் எங்கிருந்து வரும்?

கேட்டவர் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தாய். எட்டு வயதில் மகன், இரண்டு வயதில் மகள். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, மாதம் இரண்டு முறை வந்து போகிறார். இவர் காலையில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் வீட்டையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்க்கிறார். “சாயங்காலம் ஆனால் கத்துகிறேன். சில நாள் பெரியவனை அடித்துவிடுகிறேன். ராத்திரி அவன் தூங்கின பிறகு உட்கார்ந்து அழுகிறேன். சபையில் ஒரு அக்காவிடம் சொன்னேன், ‘ஜெபம் குறைஞ்சுபோச்சு, அதான்’ என்றார். பைபிளைத் திறக்கவே நேரமில்லை. விசுவாசம் பலம் தரும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை?” இதுதான் அவருடைய கேள்வி.

தங்கச்சி, ஜெபம் குறைந்ததால் வந்த வினை இல்லை இது. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவராகச் செய்கிறீர்கள், அதுவும் தூக்கம் இல்லாமல். அதனால் வந்தது. அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் களைத்துப்போனவள் தலையில் இன்னொரு சுமையைத் தூக்கி வைத்த மாதிரிதான் அது முடிந்திருக்கிறது. நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பல வருடமாகச் சபையில் சண்டே கிளாஸ் எடுக்கிறேன், பெண்கள் ஐக்கியத்தில் இளம் தாய்மாரோடு உட்கார்ந்து பேசுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை நரிமேட்டிலும் கேட்டிருக்கிறேன், மேலூர்ப் பக்கத்துக் கிராமச் சபைகளிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் எல்லோருமே தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

பலம் என்றதும் உள்ளுக்குள் ஏதோ ஒரு சக்தி இறங்கிவிடும், அப்புறம் களைப்பே தெரியாது, கோபமே வராது என்று எதிர்பார்க்கிறோம். அப்படி வராதபோது நம் விசுவாசத்தையே சந்தேகப்படுகிறோம். வேதத்தில் களைத்து விழுந்த மனுஷருக்குத் தேவன் கொடுத்த பலத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் அது ஆளாக வந்திருக்கிறது, சாப்பாடாக வந்திருக்கிறது, தூக்கமாக வந்திருக்கிறது, மன்னிப்பாக வந்திருக்கிறது. உங்களுக்கும் அந்த வழிகளில்தான் வரும் என்று நம்புகிறேன்.

எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தை இன்றைக்கோ நாளைக்கோ ஒரு தடவை வாசியுங்கள். பிள்ளை வளர்ப்பு பற்றிய பிரசங்கங்களில் இந்த அதிகாரத்தை அதிகம் தொடமாட்டார்கள். ஆனால் தாய் தகப்பனுக்கு இதைவிடப் பக்கத்தில் வருகிற பகுதி குறைவு. வனாந்தரத்தில் ஜனங்கள் அழுகிறார்கள். மன்னா வேண்டாம், இறைச்சி வேண்டும், எகிப்தில் சாப்பிட்ட வெள்ளரிக்காயும் வெங்காயமும் வேண்டும் என்கிறார்கள். சாயங்காலம் இட்லியைத் தட்டிவிட்டு வேறு கேட்கிற பிள்ளையை உங்களுக்கும் தெரியும். மோசே உடைந்துபோகிறார். பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இவர்களை நான் சுமக்க வேண்டுமா, இவர்களைப் பெற்றது நானா என்று தேவனிடமே கேட்கிறார். “இந்த ஜனங்களெல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது, எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது” என்கிறார். அதோடு நிற்கவில்லை, இப்படியே போவதாக இருந்தால் என்னைக் கொன்றுபோடும் என்கிற அளவுக்குப் போய்விடுகிறார்.

தேவன் அவரைத் திட்டவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. கூடுதலாக ஜெபி என்றும் சொல்லவில்லை. எழுபது மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வா, நீ ஒருவன் மட்டும் சுமக்காமல் அவர்களும் உன்னோடுகூடச் சுமக்கட்டும் என்கிறார். மோசேயின் மேல் இருந்த ஆவியிலிருந்து எடுத்து அவர்கள் மேலும் வைக்கிறார். அவ்வளவு பெரிய தேவ மனுஷன் “என்னால் முடியவில்லை” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்த ஏற்பாடு வந்தது. நீங்கள் ராத்திரி அழுகிறீர்களே, அதுவும் அந்த வரிசையில் சேர்ந்த ஜெபம்தான். சங்கீதம் 13 “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்றுதான் ஆரம்பிக்கிறது. அழகான வார்த்தைகளில் சொன்னால்தான் ஜெபம் என்று யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள்.

சரி, உங்களுடைய எழுபது பேர் யார்? எழுபது வேண்டாம், இரண்டு பேர் போதும். உங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை முறையில் பெற்றோரிடம் மட்டும் வாக்கு வாங்குவதில்லை. இந்தப் பிள்ளைகள் கர்த்தரை அறிந்து, அவரை நேசித்து வளரும்படி நீங்களும் உண்மையாக நடப்பீர்களா என்று சபையாரிடமும் கேட்கப்படுகிறது. எல்லோரும் எழுந்து நின்று தேவ ஒத்தாசையோடு செய்வோம் என்று பதில் சொல்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் ஞானத்தாய், ஞானத்தகப்பன் இருக்கிறார்கள். அந்த வாக்கு ஆராதனையோடு முடிகிற சடங்கு என்று நான் நினைக்கவில்லை. சபை உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

மதுரைச் சபைகளுக்கு இது புதிதும் இல்லை. அமெரிக்கன் மதுரா மிஷன் 1834-ல் இங்கே வந்தது. அதில் பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட நம் ஊர்ப் பெண்கள் இருந்தார்கள். ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் 1892-ல் மதுரையில் அவர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதும், வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும், சேர்ந்து ஜெபிப்பதும்தான் அவர்களுடைய ஊழியம். கோயிலுக்கு வர முடியாதவளைத் தேடி வீட்டுக்கு ஆள் போனது. இன்றைக்கும் தாய்மாருக்கு அதுதான் தேவை என்பது என் எண்ணம். மேடை போட்டு “கிறிஸ்தவக் குடும்பம்” என்று கூட்டம் நடத்துவதைவிட, புதன்கிழமை சாயங்காலம் ஒரு பெரியம்மா வந்து ஒரு மணி நேரம் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டால் அந்த வீட்டுக்கு அதிகப் பிரயோஜனம்.

கேட்கும்போது எதற்கு, எப்போது என்று தெளிவாகக் கேளுங்கள். “எனக்காக ஜெபிங்க” என்று சொன்னால் ஜெபிப்பார்கள், அதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். “அக்கா, செவ்வாயும் வியாழனும் அஞ்சரையிலிருந்து ஆறரை வரைக்கும் பெரியவனை உங்க வீட்ல உட்கார வச்சு வீட்டுப்பாடம் எழுத வைக்க முடியுமா?” என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். பல பேருக்கு உதவி செய்ய ஆசை இருக்கிறது, என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகள் வெளியூரில் செட்டிலாகி, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். உங்கள் மகன் போய் உட்கார்ந்தால் அவர்களுக்கும் அது சந்தோஷம்.

அடுத்தது எலியா தீர்க்கதரிசி. 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அத்தனை பெரிய காரியம் நடந்த பிறகு, யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துத் தூங்குகிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசினது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்கள்? பிள்ளைகள் மிச்சம் வைத்ததை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறீர்களா? ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? இதைக் கேட்பது ஆவிக்குரிய கேள்வி இல்லை என்று நினைக்காதீர்கள். சங்கீதம் 127-ஐ நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருப்பார்கள், “பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்” என்ற வரியோடு. அதற்கு மேலே இருக்கிற வசனம், நேரம் தெரியாமல் விழித்திருந்து உழைப்பது வீண் என்கிறது. தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்கிறது. பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற அதே சங்கீதம் தூக்கத்தைப் பற்றியும் சொல்கிறது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் எழ வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளை ராத்திரி எழுப்பிவிடுகிற வீட்டில், கிடைக்கிற தூக்கத்தைத் தூங்குவதே கீழ்ப்படிதல். பைபிளை மூடி வைக்கச் சொல்கிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஐந்து வசனம் பகலில் வாசியுங்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது ஆடியோ பைபிளைப் போட்டுக் கேளுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், காரணம் இல்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், பிள்ளைகள் தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், செத்துப்போகலாம் போல எண்ணம் வந்தால், ஜெபித்துக்கொண்டே டாக்டரிடமும் போங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். நம் பெரிய ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டரிடம் போனால் விசுவாசம் இல்லை என்று சொல்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். இதே மதுரையில் கிழக்கு வெளி வீதியில் மிஷன் ஆஸ்பத்திரி நிற்கிறது. நமக்கு முன்னால் ஜெபித்தவர்கள்தான் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள்.

இப்போது அடிக்கிற விஷயம். இதில் நான் வளைத்துப் பேசப் போவதில்லை. நம் வீடுகளில் “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்” என்ற நீதிமொழி எல்லோருக்கும் மனப்பாடம். எபேசியர் 6:4 அந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது: “பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக.” கொலோசெயர் 3:21 பிள்ளைகள் திடனற்றுப்போகக் கூடாது என்கிறது. திடனற்றுப்போன பிள்ளையை வகுப்பில் பார்த்தவள் நான். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்காது, கையை உயர்த்தினாலே தோளைச் சுருக்கிக்கொள்ளும். சிட்சை என்றால் கற்றுக்கொடுத்துத் திருத்துவது. நம் களைப்பைப் பிள்ளையின் முதுகில் இறக்குவது அதில் சேராது. பள்ளியில் அடிப்பதை 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்துவிட்டது. பிரம்பு இல்லாமலும் பிள்ளைகளுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுக்க முடியும் என்பதை என் வேலையிலேயே பார்த்திருக்கிறேன்.

நல்ல மேய்ப்பரைப் பற்றி ஏசாயா 40:11 சொல்வதைப் பாருங்கள்: ஆட்டுக்குட்டிகளைத் தமது புயத்தினால் சேர்த்து, தமது மடியிலே சுமந்து, “கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்.” அறுவடை முடிந்தால் மேலூர், திருமங்கலம் பக்கத்து வயல்களில் கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் நீளக் கம்பு வைத்திருக்கிற கீதாரி, பிறந்த குட்டியை அந்தக் கம்பால் ஓட்டமாட்டார், தூக்கிக்கொண்டு நடப்பார். குட்டி போட்ட தாயாட்டையும் மற்ற ஆடுகளின் வேகத்துக்கு விரட்டமாட்டார். அந்த வசனத்தில் குட்டிக்கு மட்டும் இடம் இல்லை, பால் கொடுக்கிற தாய்க்கும் இருக்கிறது. ஆண்டவர் உங்களை மெதுவாக நடத்துகிறார். அந்த நிதானத்தில் கொஞ்சம் உங்கள் மகனுக்கும் போகட்டும்.

கோபம் தலைக்கு ஏறுகிற நேரத்துக்கு ஒரு சின்ன வழி. சின்னவளைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பின்வாசலுக்குப் போய் நில்லுங்கள். “கர்த்தாவே, எனக்கு இரங்கும்” என்று நாலைந்து தடவை மூச்சுவிட்டுச் சொல்லுங்கள். மனசில் ஒன்றும் நடந்த மாதிரி தெரியாது, பரவாயில்லை. கை இறங்கியிருக்கும், அது போதும். எந்த நேரத்தில் அடிக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். அநேகமாக ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில், வீட்டுப்பாடமும் சமையலும் ஒன்றாக மோதுகிற நேரமாக இருக்கும். அப்படியானால் சாயங்காலச் சமையலை மதியமே முடித்துவிடுங்கள், அல்லது அந்த ஒரு வேளைக்கு மாவு வாங்கித் தோசை போதும்.

அடித்துவிட்டால்? ராத்திரி தனியாக அழுவதற்குப் பதிலாக, அவன் தூங்குவதற்கு முன்னால் அவனிடமே போய் மன்னிப்புக் கேளுங்கள். “அம்மா உன்னை அடிச்சது தப்புப்பா. நீ செஞ்சது சரியில்ல, ஆனா அதுக்கு அடிச்சிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு.” அவ்வளவுதான், நீட்டி விளக்க வேண்டாம். நம் ஊரில் பெரியவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தில் “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று தினமும் சொல்கிற பிள்ளைக்கு, மன்னிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரியும். சண்டே கிளாஸில் நான் படம் வரைந்து சொல்லிக்கொடுப்பதைவிட அது ஆழமாகப் பதியும். கேட்ட பிறகு அந்தக் குற்ற உணர்வை அடுத்த நாளுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆண்டவர் மன்னித்ததை நீங்கள் திரும்பத் திரும்பக் கிளற வேண்டியதில்லை.

குடும்ப ஜெபம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பத்து நிமிடம் போதும். பெரியவனே கீர்த்தனையைத் தேர்ந்தெடுக்கட்டும், சின்னவள் கை தட்டட்டும். ஒன்றே ஒன்று மட்டும்: ஜெபத்தைக் கண்டிக்கிற இடமாக ஆக்கிவிடாதீர்கள். “ஆண்டவரே, இந்தப் பையன் பொய் சொல்லாம இருக்கணும், கணக்கு ஒழுங்கா படிக்கணும்” என்று அவன் காது கேட்கச் சத்தமாக ஜெபித்தால், அவனுக்கு அது ஜெபமாகக் கேட்காது, புகார் கொடுப்பதாகத்தான் கேட்கும். அவனுக்காக நன்றி சொல்வதை அவன் காது கேட்கச் சொல்லுங்கள். கவலைகளை அவன் தூங்கின பிறகு சொல்லுங்கள். உபாகமம் 6-ல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசச் சொல்லியிருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொல்கிற யோசேப்பு கதையும் அதில் சேர்த்திதான்.

இப்படியெல்லாம் செய்தால் பிள்ளை நன்றாக வருவானா என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி இருக்கும். நீதிமொழிகள் 22:6, நடக்கவேண்டிய வழியிலே நடத்தினால் முதிர்வயதிலும் விடாதிருப்பான் என்கிறது. அதை ஒரு உத்தரவாதப் பத்திரமாக வாசித்துவிட்டு, பிள்ளை வழி தவறின பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற பழக்கம் சபைகளில் இருக்கிறது. எனக்கு அது மிகவும் வருத்தம். சாமுவேல் தீர்க்கதரிசியின் குமாரரே பொருளாசைக்குச் சாய்ந்து பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள் என்று 1 சாமுவேல் 8 சொல்கிறது. லூக்கா 15-ல் வருகிற தகப்பனிடம் என்ன குறை? அவருடைய இளைய மகனும் வீட்டைவிட்டுப் போனான். மோனிக்கா தன் மகனுக்காக, பிற்பாடு திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனுக்காக, பல வருடம் கண்ணீரோடு ஜெபித்தார். அகுஸ்தீன் 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதே வருடம் மோனிக்கா இறந்துபோனார். பிள்ளையை வளர்ப்பது நம் வேலை. அவனுடைய முடிவு நம் கையில் இல்லை, கர்த்தர் கையில் இருக்கிறது. இதை உண்மையாக நம்பினால் எட்டு வயதுப் பையனின் கணக்கு மார்க்கைப் பார்த்து அவனுடைய எதிர்காலத்தையே பயப்பட வேண்டியிருக்காது. ரிசல்ட் வந்த ஞாயிறு சபையில் மார்க்கைச் சொல்லிச் சாட்சி சொல்வார்கள். நல்லது, சந்தோஷப்படுங்கள். அதை வைத்து உங்கள் வீட்டை அளக்காதீர்கள்.

கணவரைப் பற்றி. எபேசியரிலும் கொலோசெயரிலும் அந்த இரண்டு வசனமும் “பிதாக்களே” என்று தகப்பன்மாரைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கின்றன. கோயம்புத்தூரில் இருந்தாலும் அவர் தகப்பன்தான். தினமும் ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்து பதினைந்து நிமிடம் மகனுக்கு ஒரு வேதக் கதை சொல்லட்டும், அந்தப் பதினைந்து நிமிடம் நீங்கள் குளித்துவிட்டு வாருங்கள். நீங்கள் இங்கே கேட்டதை அவரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறீர்களா? பல மனைவிகள் “அவர் பாவம், அங்க தனியா கஷ்டப்படுறார்” என்று மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள். தெரிந்தால்தான் அவர் சுமக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் கோயிலில் சத்தம் போடுவாள் என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். பக்கவாசல் ஓரமாக உட்காருங்கள், அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். யாராவது திரும்பி முறைத்தால் முறைக்கட்டும். சிறு பிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள் என்று சொன்னவருடைய வீடு அது. ஆராதனை முடிந்ததும் ஐயரம்மாவிடம் (போதகரின் மனைவியிடம்) ஐந்து நிமிடம் தனியாகப் பேசி, செவ்வாய், வியாழன் சாயங்காலத்துக்கு யார் வீடு சரிப்படும் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கணவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, சனிக்கிழமை ராத்திரி இரண்டு பிள்ளைகளும் அவரோடு படுக்கட்டும். நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும் வரை தூங்குங்கள்.